நிரஞ்சனாவின் பாராங் கத்தி

சாங்கியில் வேலை, சுவா சூ காங்கில் வீடு. இரண்டுக்கும் நடுவில் மொத்தச் சிங்கப்பூரும் கிடந்தது. சரக்கு முனையத்தில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு அழகேசன் ரயிலேறும் நேரத்தில், மற்றவர்கள் தலை ஈரம் காயாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அவன் மட்டும் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண் சொருகிக் கிடப்பான். அது தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. நிலையங்களின் பெயர்கள் தண்ணீருக்கடியிலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் காதில் விழும். மூடிய கண்ணுக்குள் சரக்குப் பெட்டிகள் மேகம் மாதிரி மெதுவாக மிதந்து போகும். பல நாள் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய், எதிர்ப்பக்க ரயிலில் திரும்பி வருவான்.

நாற்பத்தாறு வயது. கல்யாணமாகி, முறிந்து, ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. முன்னாள் மனைவி சண்டை போட்டுவிட்டுப் போகவில்லை. உங்களோடு வாழ்வது தூங்குகிற ஆளோடு வாழ்வதுபோல் இருக்கிறது என்று ஒருநாள் சொன்னாள், பிறகு போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பு இருப்பதாக அழகேசனுக்கும் தோன்றவில்லை.

கூட வேலை பார்த்த ஹஸீனாவுக்குத்தான் அவனை அப்படியே விட மனசில்லை. அவளுடைய கணவன் ரமீஸ் லிம் சூ காங் பக்கம் சின்னதாக ஒரு காய்கறிப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். பண்ணையின் பின்மூலை, கடலோரம் வரைக்கும், கவனிப்பாரில்லாமல் புதர் மண்டிக் கிடந்தது. அதைக் கொஞ்சம் வெட்டித் திருத்தினால் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கலாம் என்று ஹஸீனா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதே பேச்சை அவள் தன் பள்ளிக்காலத் தோழி நிரஞ்சனாவிடமும் சொல்லிக்கொண்டிருந்தது அழகேசனுக்குத் தெரியாது.

நிரஞ்சனா ஓர் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் கூடத்தில் வேலை பார்த்தாள். கணவர் மாரடைப்பில் போய் ஆறு வருஷம். அழகேசன் அவளை ஒரே ஒரு தடவை, நோன்புப் பெருநாளன்று ஹஸீனா வீட்டில் பார்த்திருந்தான். பிரியாணி நன்றாயிருக்கிறது என்று அவன் சொன்னதும் ஆமாம் என்று அவள் சொன்னதும்தான் அன்றைய பேச்சு.

புதர் வெட்ட வருகிறேன், ஆனால் ரமீஸின் கத்தி வேண்டாம், எனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்று நிரஞ்சனா சொன்னாளாம். ஹஸீனா அந்த நூலைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அவ தனியாப் போய்க் கத்தி வாங்கினா கடைக்காரன் ஒரு மாதிரி பாப்பான்லா. நீங்களும் கூடப் போங்க," என்றாள். இதில் உள்நோக்கம் எதுவும் இல்லாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள். அழகேசனும் எதுவும் புரியாததுபோல் சரி என்றான்.

பள்ளி விடுமுறையில் ஒரு வியாழக்கிழமை காலை, ஷிப்ட் முடித்த கையோடு அவன் லிட்டில் இந்தியாவில் இறங்கினான். தூங்கவில்லை. தூங்காத கண்ணுக்கு அந்த இடம் எப்போதையும்விட மெதுவாக அசைந்தது. பூக்கடைக்காரர் மாலைகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அந்தத் துளிகள் விழாமல் காற்றிலேயே நிற்பதுபோல் இருந்தது. சாம்பிராணிப் புகை ஒரு கடையிலிருந்து புறப்பட்டு, சிராங்கூன் சாலையைக் கடந்து, எதிர்க்கடைக்குள் நிதானமாக நுழைந்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து நிரஞ்சனா வந்தாள். சாம்பல் நிறச் சட்டை, காலில் மண் படிந்த பழைய பூட்ஸ். அவளுக்கு அது ஒரு அளவு பெரிதாக இருந்தது.

கடை, ஜாலான் புசார் பக்கம் போகும் ஒரு சந்தில் இருந்தது. வாளி, கயிறு, தார்ப்பாய், குழாய் எல்லாம் கூரையிலிருந்து தொங்கின. கடைக்காரர் அப்துல் அஜீசுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கைபேசியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தவர், புதர் வெட்டும் பாராங் கத்தி வேண்டும் என்றதும் அதை மூடி வைத்துவிட்டு உள்ளேயிருந்து ஒரு நீளப் பெட்டியைக் கொண்டுவந்தார்.

அழகேசனின் கை நேராகப் பெரியதற்குப் போனது. கறுப்பு நிறம், முதுகில் ரம்பப் பல், பிடியில் கயிறு சுற்றியது. தூக்கிப் பார்த்தான். கடையின் பின்கண்ணாடியில் தன்னைப் பார்த்ததும், அடர்ந்த காட்டுக்குள் ஒருவன் வழி திறந்துகொண்டு போவதும், பின்னால் ஒரு பெண் வருவதும் கண்ணுக்கு முன்னால் ஓடியது.

"என்ன வெட்டப் போறீங்க?" என்று அஜீஸ் கேட்டார்.

அழகேசன் காட்டிலிருந்து திரும்பி வருவதற்குள் நிரஞ்சனா சொல்லிவிட்டாள். லாலாங் புல், மரத்தில் ஏறிப் படர்ந்த கொடி, அகல இலையோடு மஞ்சள் பூ பூக்குமே அந்தச் சிம்போ ஆயர் செடி. கனம் என்று பார்த்தால் கட்டைவிரல் அளவுக்கு மேல் எதுவுமில்லை.

அஜீஸ் அந்தக் கறுப்புக் கத்தியை அழகேசன் கையிலிருந்து மெதுவாக வாங்கிப் பெட்டியில் வைத்தார். தான் காட்டுக்கே போனதில்லை என்றும், ஈசூனில் இருக்கும் வீட்டையும் இந்தக் கடையையும் தவிர வேறெதுவும் தெரியாது என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். வாங்கிப் போனவர்கள் திரும்ப வந்து குறை சொல்வதை வைத்துத்தான் அவருக்குக் கத்தியைப் பற்றித் தெரியும். ரம்பப் பல் வைத்ததை இதுவரை யாரும் இரண்டாவது தடவை வாங்கியதில்லையாம்.

பிறகு நிரஞ்சனா தேர்ந்தெடுக்க ஆரம்பித்தாள். அப்படியொரு தேர்வை அழகேசன் பார்த்ததேயில்லை. அவள் விலையைக் கேட்கவில்லை, பெயரைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கை எப்போது போதும் என்று சொல்கிறதோ அதுவரைக்கும் நின்றாள். நீளமான ஒன்று அவள் மணிக்கட்டைச் சீக்கிரமே கீழே இழுத்தது. குட்டையாகக் கனமாக இருந்த ஒன்று விறகு பிளக்க நன்றாயிருக்கும், ஆனால் புல்லை வெட்ட நாள் முழுக்கக் குனிந்தே கிடக்க வேண்டும். பளபளவென்று துரு ஏறாத எஃகில் ஒன்று இருந்தது. அது நல்லதுதானே என்று அழகேசன் கேட்டான். துரு ஏறாது, ஆனால் மழுங்கிவிட்டால் வெளியிடத்தில் அரம் வைத்துத் தீட்டுவதற்குள் உயிர் போய்விடும் என்று வாங்கினவர்கள் திட்டியதாக அஜீஸ் சொன்னார்.

கடைசியில் மிஞ்சியது மூன்றாவதோ நான்காவதோ. முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்குமான நீளம். மெல்லிய இரும்பு, முன்பக்கம் லேசாக வயிறு வைத்து வளைந்தது. மரப்பிடி. பிடியின் அடிப்பக்கம் கிளிமூக்குப்போல் கீழே வளைந்திருந்ததால் வேர்த்த கையிலிருந்து நழுவாது. கத்தியின் இரும்பு பிடிக்குள் பாதியில் நின்றுவிடாமல் கடைசி வரை ஓடியது. அதே மாதிரி இரண்டு இருந்தன. இரண்டையும் விரலால் தட்டிப் பார்த்தாள். ஒன்று கணீரென்றது, மற்றது லொட்டென்றது. கணீரென்றதை எடுத்துக்கொண்டாள்.

"நீங்களும் பிடிச்சுப் பாருங்க. உங்க கையும்தானே வெட்டப் போவுது," என்று நீட்டினாள்.

அழகேசன் வாங்கினான். மரப்பிடியில் அவள் உள்ளங்கையின் சூடு இருந்தது. கத்தி எப்படி இருக்கிறது என்று அஜீஸ் கேட்டபோது, சூடாக இருக்கிறது என்று சொல்லிவிட்டான். இருவரும் அவனைப் பார்த்தார்கள். நிரஞ்சனா மட்டும் உடனே பார்வையைத் திருப்பி, உறைகளைப் பார்க்கத் தொடங்கினாள்.

அஜீஸ் கத்தியைக் கெட்டி உறையில் போட்டு, அட்டை வைத்துச் சுற்றி, டேப் ஒட்டி, ரசீதையும் ஓர் அரத்தையும் கூட வைத்துக் கொடுத்தார். இந்த ஊரில் இதைத் தெருவில் வைத்துக்கொண்டு திரிந்தால் வம்பு, நேராக வீட்டுக்குப் போங்கள், வழியில் பிரிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். நேராகப் போகத்தான் நினைத்தார்கள். ஆனால் அழகேசன் முந்தைய நாள் மாலையிலிருந்து சாப்பிடவில்லை. சந்து முனையில் இருந்த கடையில் தோசை வார்க்கும் வாசனை அவனை நிறுத்திவிட்டது. நான்கு பேர் மேசையில், அட்டை சுற்றிய கத்திக்கு ஒரு நாற்காலியைக் கொடுத்துவிட்டு எதிரெதிராக உட்கார்ந்தார்கள்.

அங்கேதான் அவள் சொன்னாள். கணவருக்குக் கூடாரம் போட்டுத் தங்குவதென்றால் உயிர். ஜொகூர்ப் பக்கம் ஆறு, அருவி என்று வருஷத்துக்கு நான்கைந்து தடவை தனியாகக் கிளம்பிவிடுவார். அவளைக் கூப்பிடுவார், அவள் போனதில்லை. கொசு, ஈரம், கழிவறை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். இந்தப் பூட்ஸ் அவருடையது. கூடாரம் இன்னும் வீட்டு ஸ்டோரில் இருக்கிறது. கத்தியை மட்டும் யாரோ உறவினர் கேட்டு வாங்கிப்போய்விட்டார்.

"திரும்பி வரும்போது அவர் முகத்துல ஒண்ணு இருக்கும். எப்படிச் சொல்றது, நல்லாத் தூங்கி எழுந்த மாதிரி. அங்க அப்படி என்னத்தப் பாத்தார்னு எனக்குத் தெரியணும்," என்றாள்.

அழகேசன் தோசையைப் பிய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவன் இதுவரை பார்த்தே இராத ஓர் ஆள், நான்காவது நாற்காலியில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. அது அவனுக்குச் சங்கடமாக இல்லை. சட்னி இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டான்.

அடுத்த சனிக்கிழமை மதியம் பண்ணைக்குப் போனார்கள். முன்பக்கம் கீரைப் பாத்திகளும் கொட்டகையும், தங்குவதற்கு இரண்டு சின்ன அறைகளும் இருந்தன. ஹஸீனா கொட்டகையில் சமையலைத் தொடங்கினாள். ரமீஸ் வேலிக் கதவைத் திறந்து காட்டிவிட்டுத் தன் பாத்திகளுக்குத் திரும்பிப் போனான். பின்மூலையில் நுழைந்ததும் ஊரின் சத்தம் நின்றது. கார் ஓசை, கட்டட வேலை ஓசை எதுவும் இல்லை. லாலாங் இடுப்பளவு நின்று, காற்றடிக்கும்போது ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. கொடிகள் ஒரு மரத்தை முழுக்கப் போர்த்தி, அது என்ன மரம் என்றே தெரியாமல் ஆக்கியிருந்தன. எங்கோ பின்னால் சேற்றிலும் உப்பிலும் ஊறிய கடல்வாசனை.

நிரஞ்சனா முதலில் வெட்டினாள். ஹஸீனா அனுப்பிய காணொளிகளை ஒரு வாரமாகப் பார்த்திருக்கிறாள். கையுறை போட்டுக்கொண்டு, வலது காலைப் பின்னால் வைத்து, உடம்புக்கு வெளியே போகும்படி சரிவாக வீசினாள். முதல் சில வீச்சில் புல் மடங்கி நிமிர்ந்துகொண்டது. பிறகு மணிக்கட்டைக் கடைசி நொடியில் சொடுக்கத் தெரிந்ததும், புல் வெட்டுப்பட்டதே தெரியாமல் மெதுவாகச் சாய்ந்தது. போதிய இடம் கிடைத்ததும், அவள் கொண்டுவந்திருந்த கணவருடைய கூடாரத்தை நட்டார்கள். வெளிர்ப் பச்சை, வெயிலில் நிறம் போயிருந்தது. ஒவ்வொரு கம்பியையும் எங்கே செருகுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. கடைசியில் கூடாரம் ஒரு பக்கம் சாய்ந்தாற்போல் நின்றது.

அப்புறம் கத்தியை அழகேசனிடம் கொடுத்தாள். "எங்க வெட்டுறோம்னு பாக்குறது பெருசில்ல. வெட்டினதுக்கு அப்புறம் கத்தி எங்க போகும்னு பாருங்க," என்றாள்.

அவன் தலையாட்டினான். அவள் சொன்னது காதில் விழுந்தது, ரயிலில் நிலையத்தின் பெயர் விழுவதுபோல. கத்தி லேசாக இருந்தது. வீசினால் தானாகவே போய்த் தானாகவே திரும்பியது. வெட்டிய செடியிலிருந்து பச்சை வாசனை கிளம்பிக் கண்ணை மூடச் சொன்னது. அவன் வீசினான், ஓர் அடி நகர்ந்தான், வீசினான். இலைகளுக்கு நடுவே வெளிச்சம் காசு காசாக ஆடியது. வேர்வையில் நனைந்த கையுறையைக் கழற்றிப் போட்டது அவனுக்கே நினைவில்லை. கூடாரத்தை ஒட்டி ஒரு கொடி இறங்கியிருந்தது. அது கெட்டியாக இருக்கும் என்று ஓங்கி வீசினான். அது உள்ளே மக்கிப்போயிருந்தது. கத்தி அதை வெட்டி, நிற்காமல், அதே வேகத்தில் அவன் முழங்காலுக்கு விரலளவு தள்ளிப் போய்க் கூடாரத்தில் இறங்கியது.

துணிக்கடையில் துணி கிழிப்பார்களே, அந்தச் சத்தம்.

நிரஞ்சனா வந்து முதலில் அவன் காலைப் பார்த்தாள். பிறகு அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்தியை வாங்கி, உறையில் போட்டு, தூரமாக வைத்தாள். அதற்குப் பிறகுதான் கூடாரத்தைப் பார்த்தாள். ஒரு கை நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் கையை விட்டு, வெளியே எடுத்து, அதன் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தைத்துத் தருகிறேன் என்று அழகேசன் சொன்னான். புதிதாக வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னான். அவள் கிழிசலின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். கோபமாகத் திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வானம் கறுத்திருந்ததைக்கூட இருவரும் கவனிக்கவில்லை. கடல் பக்கமிருந்து மழை, யாரோ நடந்து வருவதுபோல், முதலில் தூரத்து இலைகளில், பிறகு பக்கத்து இலைகளில், பிறகு அவர்கள்மேல் வந்தது. அவள் எழுந்து கூடாரத்துக்குள் போனாள்.

அழகேசன் கிழிசலின் இரண்டு ஓரத்தையும் இரண்டு கையால் இழுத்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான். தண்ணீர் தலையில் கொட்டி முதுகில் ஓடியது. பல வருஷமாக இல்லாத விழிப்பு அவனுக்கு வந்திருந்தது. ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. முழங்கால் நடுங்குவது தெரிந்தது. விரலுக்கடியில் அந்தத் துணியின் நூல்கூடத் தெரிந்தது. இன்னொருவர் எத்தனையோ மழைக்கு உள்ளே படுத்திருந்த துணி.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "உள்ள வாங்க."

"விட்டா தண்ணி உள்ள வரும்."

பிறகு அவள் சொன்னாள்: "வரட்டும். விடுங்க."

விட்டான். குனிந்து உள்ளே போய், கிழிசலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். அவர்கள் இருவருக்கும் நடுவே மழை ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் மல்லாந்து படுத்து, பிளவு வழியாக மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் இலை துளி வாங்கி, குனிந்து, கொட்டி, நிமிர்ந்து, மறுபடி வாங்கியது. ஈரத்துணிக்குள் வெளிச்சம் பச்சையாகப் பரவி, அவள் முகத்தையும் பச்சையாக்கியிருந்தது. எவ்வளவு நேரம் அப்படிப் போனதென்று தெரியாது.

"அவர் ஒண்ணும் பாக்கல," என்றாள் நிரஞ்சனா. "இப்படிச் சும்மா படுத்திருந்திருக்கார், அவ்வளவுதான். எனக்குக் காட்டாம எதையோ வச்சிருந்தார்னு இத்தனை வருஷம் நெனச்சிட்டிருந்தேன்." கண்ணிலிருந்து காதுக்கு வழிந்தது மழைத்தண்ணீர் இல்லை. அதைத் துடைக்காமல், கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"இன்னும் நடுங்குது."

"நடுங்கட்டும். கால் இருக்குல்ல," என்றாள்.

அழகேசன் அப்போது தன் பழைய கல்யாணத்தைப் பற்றிச் சொன்னான். மனைவி கடைசியாகச் சொன்னதையும், இன்றைக்கும் அப்படித்தான் பாதித் தூக்கத்தில் வெட்டினேன் என்பதையும் சொன்னான். நீளமாக, இடையில் நிறுத்தாமல் அவன் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. நாளைக்குக் காலையில் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு வெட்டுங்கள் என்று மட்டும் அவள் சொன்னாள். மழை விட்டதும் ஹஸீனா குடையோடு வந்து, நனைந்து கிடந்த இருவரையும் பார்த்து, கொட்டகைக்கு அழைத்துப் போனாள். அன்று ராத்திரி அவர்கள் இருவரும் ஆளுக்கோர் அறையிலும், ஹஸீனாவும் ரமீஸும் கொட்டகையிலும் படுத்தார்கள். அழகேசன் கனவில்லாமல் தூங்கினான்.

காலையில் பண்ணை முழுக்கப் பனிமூட்டம். அவன் போனபோது நிரஞ்சனா ஏற்கெனவே வெட்டிக்கொண்டிருந்தாள். புல்லின்மேல் அவள் தோள் மட்டும் தெரிந்தது, அதன் கீழே வெண்மைதான். கத்தி வீசும் சத்தம் மட்டும் சீராக வந்தது. அவன் சாய்ந்ததையெல்லாம் அள்ளி ஓரமாகக் குவித்தபடி பின்னால் போனான். கொஞ்ச நேரம் கழித்து அவள் கத்தியை உறையில் போட்டு, பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டினாள். அழகேசன் கையுறை போட்டான். நின்று, முன்னால் பார்த்தான், பக்கத்தில் பார்த்தான், அவள் எங்கே நிற்கிறாள் என்று பார்த்தான். பிறகு வெட்டினான். கடலோரம் வரைக்கும் கடைசிச் சில அடியை இருவரும் மாற்றி மாற்றி வெட்டி முடித்தார்கள்.

அலையாத்தி வேர்களுக்கு அப்பால் தண்ணீர் அசையாமல் கிடந்தது. எதிர்க்கரை ஜொகூர் பனியில் கரைந்துபோயிருந்தது. வேருக்கிடையிலிருந்து ஒரு நீர்நாய் தலையைத் தூக்கியது. அதன் பின்னால் இன்னொன்று, பிறகு குட்டிகள். குடும்பமாக அவர்களைக் கடந்து, அவசரமே இல்லாமல், கரையோரமாகவே நீந்திப் போயின. கொட்டகையிலிருந்து ஹஸீனா சாப்பிடக் கூப்பிட்டாள். இருவருக்கும் கேட்டது. கடைசிக் குட்டி மறையும்வரை நின்றார்கள்.

அந்த மாதமே அழகேசன் பகல் ஷிப்ட் கேட்டு மாற்றிக்கொண்டான். அடுத்த வருஷம் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். எல்லாம் தன் வேலை என்று ஹஸீனா கண்டவர்களிடமெல்லாம் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. சிங்கப்பூர் மழைக்கு மூன்று வாரம் போதும், வெட்டிய இடம் தெரியாமல் புல் மூடிவிடும். அதனால் அவர்கள் திரும்பத் திரும்பப் போகிறார்கள். சில சமயம் நாள் முழுக்க வெட்டுவார்கள். சில சமயம் ஒரு செடியைக்கூடத் தொடாமல், வளர்ந்த புல்லுக்குள்ளேயே உட்கார்ந்து, ஓதம் ஏறி வேர்களை மூடுவதைப் பார்த்துவிட்டு வருவார்கள்.